சுற்றுலா மேலாண்மையில் முதுநிலைப் பட்டம்: வேலையை விட்டுவிட்டுப் படிப்பதா, வேலையில் இருந்துகொண்டே படிப்பதா?

கேள்வி – காரைக்குடிக்காரி

அனைவருக்கும் வணக்கம். வரலாற்றில் இளங்கலை முடித்துவிட்டு, கடந்த நான்கு ஆண்டுகளாக மதுரையில் ஒரு பயண நிறுவனத்தில் வேலை பார்த்து வருகிறேன். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் பிரான்ஸ் நாட்டுக் குழுவினர். சென்னையில் இறங்கி, மாமல்லபுரம், புதுச்சேரி, தஞ்சாவூர், செட்டிநாடு, மதுரை என்று பார்த்துக்கொண்டே வந்து, தேக்கடி வழியாகக் கொச்சிக்குப் போய் விமானம் ஏறுபவர்கள். ஹோட்டல்களில் அறைகளை உறுதிசெய்வது, முன்பதிவுக்குச் சான்றான வவுச்சர் அனுப்புவது, யாருக்கு எந்த அறை என்ற ரூமிங் லிஸ்ட் தயாரிப்பது, ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் நேரம் சொல்லிவைப்பது, விமானம் தாமதமானால் நள்ளிரவிலும் எழுந்து ஃபோனை எடுப்பது ஆகியவை என் வேலை. விலை போடும் பொறுப்பை மட்டும் முதலாளி தம் கையிலேயே வைத்திருக்கிறார்.

இப்போது சுற்றுலா மேலாண்மையில் முதுநிலைப் பட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்திருக்கிறது. வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகள் கல்லூரிக்குச் சென்று எம்.பி.ஏ. படிப்பதா, அல்லது சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேருவதா என்று முடிவெடுக்க இயலவில்லை. சேமிப்பு, விடுதிச் செலவு உட்பட ஓராண்டுக்குத்தான் தாங்கும். "டிக்கெட் போடுவதற்கு எதற்கு எம்.பி.ஏ.?" என்று அப்பா கேட்கிறார், நாங்கள் டிக்கெட் போடுவதே இல்லை என்று அவருக்கு விளக்கி விளக்கி அலுத்துவிட்டேன் என்பது வேறு விஷயம். ஆனால் அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. வேலையில் கற்றுக்கொள்ள முடியாத எதை இந்தப் படிப்பு கற்றுத்தருகிறது? படித்தவர்களும் கற்பிப்பவர்களும் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி – மலைக்கோட்டை

வணக்கம் அம்மா. திருச்சியில் 22 ஆண்டுகளாக வெளிநாட்டுப் பயணிகளை அழைத்துவரும் தொழில் செய்கிறேன். நான் படித்தது பி.காம். மட்டுமே, ஆகவே என் கருத்தை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில், விலை போடும் பொறுப்பை முதலாளி தம் கையிலேயே வைத்திருக்கிறார் என்ற வரியில்தான் என் கண் நின்றது. எங்கள் தொழிலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. உங்கள் முதலாளி விவரமானவர்.

ஒரு சிறு கணக்கைச் சொல்கிறேன். ஆறு நாள் பயணத்துக்குப் பேருந்துச் செலவு 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 15 பேர் வருவார்கள் என்று நம்பித் தலைக்கு 6,000 ரூபாய் சேர்த்து விலை அனுப்பிவிட்டீர்கள். வந்து இறங்கியவர்களோ 11 பேர். நான்கு இருக்கைகள் காலியாக இருக்கின்றன என்பதற்காகப் பேருந்துக்காரர் ஒரு ரூபாயும் குறைக்கப் போவதில்லை. கைக்கு வந்தது 66,000. மீதி 24,000 ரூபாய் உங்கள் லாபத்திலிருந்து போகும். இதற்காகத்தான் 10 முதல் 14 பேர் வரை ஒரு விலை, 15 முதல் 19 பேர் வரை ஒரு விலை என்று 'ஸ்லாப்' போடுகிறோம்; ஒவ்வொரு ஸ்லாபிலும் இருப்பதிலேயே குறைந்த எண்ணிக்கையால்தான் வகுக்க வேண்டும். குழுவை அழைத்துவரும் தலைவருக்கு எல்லாம் இலவசம் என்றால், அவருடைய அறையும் சாப்பாடும் நுழைவுக் கட்டணமும் மற்றவர்கள் பேரில் பங்கிடப்பட வேண்டும். தனி அறை கேட்பவரிடம் வாங்க வேண்டிய கூடுதல் தொகை, டிசம்பர் 24, 31 இரவுகளில் ஹோட்டல்கள் கட்டாயமாகச் சேர்க்கும் விருந்துக் கட்டணம், யூரோவில் விலை சொன்ன நாளுக்கும் பணம் வந்துசேரும் நாளுக்கும் இடையே ரூபாயின் மதிப்பு ஏறி இறங்குவது என்று இன்னும் பல உண்டு.

எம்.பி.ஏ. முடித்துவிட்டு என்னிடம் நேர்காணலுக்கு வருபவர்களுக்கு இந்தப் பேருந்துக் கணக்கைத்தான் கொடுப்பேன். நிலையான செலவு, மாறும் செலவு என்று இலக்கணத்தை ஒப்பித்துவிடுகிறார்கள். பேருந்து எதில் சேரும், மதிய உணவு எதில் சேரும் என்று கேட்டால் கூரையைப் பார்க்கிறார்கள். எனவே இருக்கும் வேலையை விட வேண்டாம் என்பதே என் யோசனை. பழைய குழுக்களின் ஃபைல்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி, சொன்ன விலையையும் கடைசியில் ஆன செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரெஞ்சு மொழி படியுங்கள். சென்னையிலும் புதுச்சேரியிலும் அதைக் கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. பிரெஞ்சில் பதில் எழுதத் தெரிந்த ஒருவருக்கு நான் கொடுக்கும் சம்பளம், பட்டத்துக்காக நான் கொடுக்கும் சம்பளத்தைவிட அதிகம்.

மறுமொழி – பாடவேளை

மலைக்கோட்டை ஐயாவின் கணக்கை என் வகுப்பில் அப்படியே பயன்படுத்திக்கொள்ள அனுமதி கோருகிறேன். 14 ஆண்டுகளாகச் சுற்றுலாத் துறையில் கற்பித்து வருபவன் என்ற முறையில், கூரையைப் பார்க்கும் அந்தப் பிள்ளைகளை அனுப்பிவைத்ததில் எங்களுக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் வேலையில் கற்றுக்கொள்ள முடியாதது எது என்று சகோதரி கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி 2019ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவான வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 68.7 லட்சம். அதே ஆண்டில் இந்தியா முழுமைக்கும் வந்த வெளிநாட்டுப் பயணிகளோ 1.09 கோடி. இந்தியாவுக்கு வந்த மூவரில் இருவர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள் என்று இதை வைத்து மேடையில் பேசுபவர்களைக் கேட்டிருக்கிறேன். எல்லா மாநிலங்களின் எண்ணிக்கையையும் கூட்டிப் பார்த்தால் 3.14 கோடி வரும். நாட்டுக்குள் வந்தவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு! விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி எண்ணுவது ஒருவர் நாட்டுக்குள் நுழைவதை. மாநிலங்கள் எண்ணுவது ஒருவர் ஓர் இடத்துக்கு வந்து போவதை. உங்கள் பாரிஸ் பயணி ஒருவரே தமிழ்நாட்டில் ஒரு முறை, புதுச்சேரியில் ஒரு முறை, கேரளத்தில் ஒரு முறை எண்ணப்படுகிறார். உள்நாட்டுப் பயணிகளின் கணக்கும் இப்படித்தான். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 7.21 கோடி மக்கள்தொகை கொண்ட மாநிலத்தில், 2019இல் உள்நாட்டுச் சுற்றுலா வருகைகள் 49 கோடிக்கும் மேல். 2021-22இல் மாமல்லபுரத்துக்கு வந்த வெளிநாட்டவர் 1,44,984 பேர், தாஜ்மகாலுக்கு வந்தவர்கள் 38,922 பேர் என்று செய்தி வந்தபோது நாம் அனைவரும் மகிழ்ந்தோம். சுற்றுலா விசாக்கள் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2021இன் கடைசி மாதங்களில்தான் மீண்டும் வழங்கப்பட்டன என்பதை அதனுடன் சேர்த்து வாசித்தால்தான் அந்த எண்களுக்குப் பொருள் கிடைக்கும். எண்ணிக்கையைப் பார்த்தவுடன் 'யார், எங்கே நின்று, எதை எண்ணினார்கள்?' என்று கேட்கும் பழக்கம், வவுச்சர் போட்டு வராது.

இன்னொன்று, ஊரைப் பற்றிய பார்வை. குழு ஏறிப் போனதும் உங்கள் ஃபைல் மூடப்படுகிறது. ஊர் அங்கேயே இருக்கிறது. ஒரு சுற்றுலாத் தலம் கண்டறியப்பட்டு, வளர்ந்து, நிலைபெற்று, தேங்கி, பிறகு சரியவோ புத்துயிர் பெறவோ செய்யும் போக்கை ரிச்சர்ட் பட்லர் 1980இல் ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார். எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் அது பாடம். தேர்வுக்கு வரைந்துவிட்டு மறந்துபோகிறவர்களே அதிகம். அதை வைத்துக்கொண்டு உதகையையும் கொடைக்கானலையும் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அங்கே செல்ல இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு, உதகையில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலில் 4,000, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் விதிக்கப்பட்டது. ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்று பார்க்கும் 'தாங்குதிறன்' என்னும் பாடம் நேரே சாலைக்கு வந்ததுதான் இது. ஆனால் வரம்பு வாகனத்துக்குத்தானே? இருவர் போகும் காரும் இருபது பேர் போகும் வேனும் ஒன்றாகவே எண்ணப்படும்போது, மலையில் தண்ணீரும் கழிவுநீரும் படும் பாட்டை அந்த எண் எவ்வளவு தூரம் காட்டும்? இத்தகைய கேள்வியை எழுப்பி, களத்தில் நின்று விடை தேடுவதற்கு ஆய்வேடு என்று ஒரு பருவம் ஒதுக்கப்படுகிறது. முதுநிலைப் பட்டத்தில் மிகவும் மதிப்புள்ள பகுதி அதுதான் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலோர் அதைத்தான் கடைசி மாதத்தில் யாரிடமாவது வாங்கி ஒட்டுகிறார்கள்.

கல்லூரிக்குச் சென்று படிப்பதென்றால், ஒன்றிய அரசின் இந்தியச் சுற்றுலா மற்றும் பயண மேலாண்மை நிறுவனம் இருக்கிறது; 1983இல் தொடங்கப்பட்டது, தலைமையகம் குவாலியர், நமக்கு அருகில் உள்ள வளாகம் நெல்லூர். திருவனந்தபுரத்தில் கேரள அரசின் சுற்றுலாக் கல்வி நிறுவனமான கிட்ஸ், நம் பக்கத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றையும் பாருங்கள். சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு ஒவ்வோர் இடத்திலும் வேறுபடும் என்பதால் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் படித்த பிறகே விண்ணப்பியுங்கள்.

மறுமொழி – கொடைரோடு

நான் ஒரு விடுதியின் வரவேற்புப் பகுதியில் வேலை பார்த்துக்கொண்டே இக்னோவில் சுற்றுலா முதுநிலைப் படிப்பை முடித்தவன். குறைந்தது இரண்டு ஆண்டுகள், அதிகபட்சம் நான்கு ஆண்டுகள் என்பது விதி. எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. சகோதரி கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒரு விஷயத்தை முதலில் சொல்கிறேன்: தேர்வு மாதங்கள். ஆண்டுக்கு இரு முறை, ஜூனிலும் டிசம்பரிலும் பருவத் தேர்வு நடக்கும். எங்களுக்குச் சீசன் ஏப்ரலும் மேயும் என்பதால் ஜூன் தேர்வுக்கு நான் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. எல்லாத் தாள்களையும் டிசம்பருக்குத் தள்ளினேன். தங்களுக்கு நேர்மாறு. அக்டோபர் முதல் மார்ச் வரை வெளிநாட்டுக் குழுக்கள் வரும்போது டிசம்பரில் விடுப்புக் கேட்டால் முதலாளி என்ன சொல்வார் என்று தங்களுக்கே தெரியும். ஆகவே ஜூன் மாதத்தைத் தங்கள் தேர்வு மாதமாக வைத்துக்கொண்டு, மூன்று ஆண்டுத் திட்டமாகவே தொடங்குங்கள். இரண்டே ஆண்டுகளில் முடிப்பேன் என்று தொடங்கி, நடுவில் சோர்ந்து நின்றவர்களை எனக்குத் தெரியும்.

பாடங்கள் தமிழில் இல்லை. ஒப்படைப்புகளைக் காலத்தில் கொடுத்தாக வேண்டும். அவற்றை நம் சொற்களில் எழுதினால் தேர்வுக்குத் தனியாகப் படிக்க வேண்டிய பாரம் பாதி குறையும். பணம் கட்டுவதற்கு முன்பே இக்னோவின் 'இஞானகோஷ்' தளத்தில் பாடப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நான்கைந்து அலகுகளைப் படித்துப் பார்த்துவிட்டு, பிடிக்கிறதா என்று முடிவுசெய்யலாம். சில இடங்களில் அவை பழையனவாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விமானச் சீட்டு முன்பதிவைப் பற்றிப் படித்தேன். அமேடியஸ் என்னும் முன்பதிவு மென்பொருளின் திரையை நேரில் பார்த்தது பிறகு ஒரு நண்பரின் அலுவலகத்தில்தான்.

தொலைநிலைப் பட்டம் செல்லுமா என்று பலர் கேட்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் தெளிவாக அறிவித்தது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வில் 'சுற்றுலா நிர்வாகமும் மேலாண்மையும்' என்று 93ஆம் எண்ணில் தனிப்பாடமே உண்டு. முதுநிலையில் 55 விழுக்காடு, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 விழுக்காடு வேண்டும். சட்டப்படி இணை என்பதும் தனியார் நிறுவனத்தின் மேலாளர் இணையாக மதிப்பார் என்பதும் ஒன்றல்ல. நான் பெரிய சங்கிலி ஹோட்டல் ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது பட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. ஒன்பது ஆண்டு அனுபவத்தைப் பற்றியே முக்கால் மணி நேரம் கேட்டார்கள்.

மறுமொழி – இரண்டாம் வரிசை

நேரடி வகுப்பு என்றாலே தரமானது என்று எண்ணிவிட வேண்டாம். நான் படித்த கல்லூரியில் (பெயர் வேண்டாம்) நான்கு பருவங்களில் மூன்று பருவங்கள் கோயில்களின் பட்டியலையும் மன்னர்களின் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்தோம். உள்ளுறைப் பயிற்சி என்ற பெயரில் ஒரு திருமண மண்டபத்தில் இரண்டு மாதங்கள் வரவேற்பில் நிறுத்தினார்கள். சேரும் முன் மூன்றே கேள்விகளைக் கேளுங்கள். சென்ற ஆண்டு மாணவர்கள் எங்கே பயிற்சி எடுத்தார்கள்? முன்பதிவு மென்பொருள் மாணவர் கைக்கு வருமா, அல்லது படம் காட்டுவார்களா? கடந்த ஐந்து ஆண்டுகளின் ஆய்வேடுகளை நூலகத்தில் பார்க்க விடுவார்களா? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளித்தால் அப்படியே எழுந்து வந்துவிடலாம்.

கேள்வி கேட்டவர் – காரைக்குடிக்காரி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. டிசம்பர் தேர்வைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. சென்ற டிசம்பரில் ஒரே வாரத்தில் எங்களுக்கு ஏழு குழுக்கள். வேலையை விடாமல், திறந்தநிலையில் மூன்று ஆண்டுத் திட்டமாகச் சேருவதென்று ஏறத்தாழ முடிவுசெய்துவிட்டேன். மலைக்கோட்டை ஐயா சொன்னபடி பழைய ஃபைல்களைக் கேட்டேன். முதலாளி சிரித்துவிட்டு, 2018ஆம் ஆண்டுக் கட்டை மட்டும் கொடுத்திருக்கிறார்.

பாடவேளை ஐயாவிடம் ஒரு கேள்வி. ஆய்வேட்டுக்கு எங்கள் ஊர்ப் பக்கத்தையே எடுக்கலாம் என்று நினைக்கிறேன். கானாடுகாத்தானுக்கு வரும் குழுக்களில் சில, செட்டிநாட்டு வீடு ஒன்றைச் சுற்றிப் பார்த்து, மதியம் சாப்பிட்டு, ஆத்தங்குடியில் தளக்கல் போடுவதைப் பார்த்துவிட்டு மாலைக்குள் மதுரைக்குப் போய்விடுகின்றன. சில, வீடாக இருந்து விடுதியாக மாறிய இடங்களில் இரண்டு இரவுகள் தங்குகின்றன. தங்குபவர்களால் ஊருக்கு என்ன கிடைக்கிறது, பார்த்துவிட்டுப் போகிறவர்களால் என்ன கிடைக்கிறது என்று ஒப்பிடலாமா? அதற்கு எண்ணிக்கை எங்கே கிடைக்கும்?

மறுமொழி – பாடவேளை

நல்ல தலைப்பு; ஆனால் இரண்டில் ஒன்று எளிது, மற்றது கடினம். தங்கியவர்களின் கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. வெளிநாட்டவர் எவர் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அதற்கான அரசுப் படிவத்தில் (முன்பு 'சி' படிவம்) பதிவு செய்ய வேண்டியது விடுதியின் சட்டக் கடமை. ஆகவே எந்த நாட்டவர், எத்தனை பேர், எத்தனை இரவுகள் என்பது ஒவ்வொரு விடுதிக்காரரிடமும் இருக்கும். பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் உங்கள் கண்ணில் படவே கூடாது. மாதவாரியான கூட்டுத்தொகையை மட்டும் அவர்களே எழுதித் தரும்படி, ஒரு வெற்று அட்டவணையைக் கொண்டுபோய்க் கொடுங்கள். உள்நாட்டு விருந்தினருக்கு அந்தப் படிவம் இல்லை. அவர்களுக்கு விடுதியின் வருகைப் பதிவேடுதான்.

பார்த்துவிட்டுப் போகிறவர்களை யாரும் எழுதிவைப்பதில்லை. நீங்கள்தான் வாசலில் நின்று எண்ண வேண்டும். ஜனவரியில் ஒரு வாரம், ஜூலையில் ஒரு வாரம், ஒரே வீட்டின் முன், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு எத்தனை வண்டிகள், எவ்வளவு நேரம் நின்றன, உணவு எங்கே உண்டார்கள், வழிகாட்டி உள்ளூர்க்காரரா வெளியூரிலிருந்து குழுவுடனேயே வந்தவரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் பணம் தங்குகிறதா, வண்டியிலேயே திரும்பிப் போகிறதா என்பதற்கு வழிகாட்டியைப் பற்றிய அந்தக் குறிப்பு மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகப் பதில் சொல்லும். உங்களுக்கு இதில் ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. அந்தக் குழுக்களில் சிலவற்றை அனுப்பியதே நீங்கள்தான். அதை ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே வெளிப்படையாக எழுதிவிடுங்கள், இல்லையென்றால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியாக அதுவே வரும்.

மறுமொழி – மலைக்கோட்டை

2018ஆம் ஆண்டுக் கட்டு போதும் அம்மா. கோவிட்டுக்கு முந்தைய முழு ஆண்டு, நல்ல கட்டுத்தான். அதில் மதிய உணவுக்கு மட்டும் கானாடுகாத்தானில் நிறுத்திய குழுக்களின் பில்களைத் தனியாக எடுத்துவையுங்கள். ஆசிரியர் ஐயா வாசலில் நின்று எண்ணச் சொல்லும் விஷயத்தில் ஒரு பகுதி, தலைக்கு எவ்வளவு என்ற கணக்கோடு, அந்தக் கட்டுக்குள்ளேயே இருக்கும்.